எலும்பு சொல்லும் வயது
குழந்தைகளின் கை எக்ஸ்ரே: ஒரு வரலாற்றுப் பார்வை

"வலது கையைத் தலைக்கு மேலே போட்டு இடது காதைத் தொடு, பார்க்கலாம்!" ஹெட்மாஸ்டர் இப்படிச் சொன்னதும் காதைத் தொட்டுவிட்ட பிள்ளைக்கு ஐந்து வயது நிரம்பிவிட்டது என்று முடிவு கட்டி ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. நம் சங்கத்து மூத்த அன்பர்கள் பலருக்கு இது சொந்த அனுபவமாகவே இருக்கும். பள்ளி திறப்பது ஜூன் மாதம். ஆகவே அந்தத் தலைமுறையில் ஏகப்பட்ட பேருக்கு சர்ட்டிபிகேட்டில் பிறந்த நாள் ஜூன் மாதத்தில்தான் விழும். வீட்டில் ஜாதகம் ஒன்று சொல்லும், பள்ளிக்கூட ரிஜிஸ்டர் வேறொன்று சொல்லும். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

இன்று நிலைமை அப்படியில்லை. பையன் வகுப்பில் எல்லாரையும்விடக் குட்டையாக இருக்கிறான் என்று டாக்டரிடம் கூட்டிப்போனால், "இடது கைக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வாருங்கள், எலும்பு வயது பார்க்க வேண்டும்" என்கிறார். கிரிக்கெட்டில் பதினாறு வயதுக்குட்பட்டோர் அணிக்குத் தேர்வானால் அங்கேயும் கை எக்ஸ்ரே. நீதிமன்றத்தில் ஒரு சிறுவனின் வயது கேள்விக்குள்ளானால் அங்கேயும் அதேதான். உடனே பெற்றோருக்கு எழும் கேள்வி ஒன்றுதான்: சின்னப் பிள்ளைக்கு எக்ஸ்ரே எடுக்கலாமா, கதிர்வீச்சால் ஒன்றும் ஆகிவிடாதே? நியாயமான கேள்வி. ஆனால் இந்தச் சோதனையின் நூற்றிருபத்தைந்து ஆண்டு வரலாற்றைப் புரட்டினால், குழந்தைகளுக்கு இதனால் நேர்ந்த ஆபத்து இரண்டு வகை என்று தெரிகிறது. ஒன்று கதிரால் வந்தது. மற்றது அந்தப் படத்தைப் படித்துச் சொன்ன தீர்ப்பால் வந்தது.

பல்லிலிருந்து எலும்புக்கு

உடம்பைப் பார்த்து வயதைச் சொல்ல வேண்டிய அவசியம் முதலில் மருத்துவமனையில் எழவில்லை, பஞ்சாலையில்தான் எழுந்தது. இங்கிலாந்தில் 1833-இல் வந்த தொழிற்சாலைச் சட்டம் ஒன்பது வயதுக்குக் குறைந்த குழந்தைகளை நெசவாலைகளில் வேலைக்கு வைக்கக்கூடாது என்றது. சரி, ஒன்பது வயது என்பதற்கு என்ன சாட்சி? அப்போது அங்கே அரசுப் பிறப்புப் பதிவே கிடையாது. உயரத்தை அளந்து பார்த்தார்கள். எட்வின் சாண்டர்ஸ் என்ற பல் மருத்துவர் 1837-இல் ஒரு சிறு நூல் எழுதி, உயரத்தைவிடப் பல்லே நம்பகமான சாட்சி என்று பல குழந்தைகளை ஆராய்ந்து காட்டினார். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கிற நம் ஊர் விவசாயிக்கு இது புதுச் செய்தியல்ல! இந்தியாவில் 1881-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஏழு வயதுக்குக் குறைந்தவர்களை வேலைக்கு வைப்பதைத் தடை செய்தது. 1891-இல் அந்த வரம்பு ஒன்பதாக உயர்ந்தது. பிறப்புப் பதிவு பெயருக்கு இருந்த நாட்டில் இங்கேயும் வயதை முடிவு செய்தது டாக்டரின் கண்தான்.

1895 டிசம்பரில் ராண்ட்ஜன் தன் மனைவியின் கையை எக்ஸ்ரே படமெடுத்தார். மோதிரத்தோடு கூடிய அந்தக் கை எலும்புப் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. எக்ஸ்ரேயின் முதல் புகழ்பெற்ற படமே கைப்படம்தான் என்பது தற்செயல் இல்லை. கை மெல்லியது, தட்டில் பரப்பி வைக்கலாம், அசையாமல் வைத்திருக்கலாம். அந்த நாள் கருவியில் ஒரு படத்துக்குப் பல நிமிடங்கள் பிடிக்கும்.

மூன்றே ஆண்டில், 1898-இல், லண்டன் அறுவை மருத்துவர் ஜான் போலண்ட் குழந்தைகளின் மணிக்கட்டும் கையும் வயதுவாரியாக எப்படி மாறுகின்றன என்று படங்களாகவே தொகுத்து ஒரு அட்லஸ் வெளியிட்டார். மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உண்டு. பிறந்த குழந்தையின் எக்ஸ்ரேயில் அவற்றில் ஒன்றுகூடத் தெரியாது; எல்லாம் குருத்தெலும்பு, எக்ஸ்ரே அதை ஊடுருவிப் போய்விடும். இரண்டு மூன்று மாதத்தில் இரண்டு புள்ளிகள் தோன்றும். பிறகு ஒவ்வொன்றாக, கோலத்துக்குப் புள்ளி வைக்கிற மாதிரி, மற்றவை வரும். கடைசிப் புள்ளி விழ ஒன்பது பத்து வயதாகிவிடும். முன்கை எலும்பின் நுனியில் ஒரு தொப்பி போலத் தனித் துண்டு ஒன்று இருக்கும். அதற்கும் எலும்புக்கும் நடுவே உள்ள இருண்ட கோடுதான் வளர்தட்டு. பிள்ளை உயரமாவது அங்கேதான். பருவ வயது முடிகையில் அந்தக் கோடு மறைந்து இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பெண்களுக்கு இது ஏறக்குறைய பதினேழிலும் ஆண்களுக்குப் பதினெட்டு பத்தொன்பதிலும் முடியும் என்பது பொதுக் கணக்கு. 'பொதுக் கணக்கு' என்ற சொல்லை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வருகிற வம்பெல்லாம் அதனால் வந்ததுதான்.

பாஸ்டனில் குழந்தை மருத்துவப் பேராசிரியராக இருந்த தாமஸ் மார்கன் ராட்ச் 1909 வாக்கில் ஒரு படி மேலே போனார். பிறந்த தேதியை வைத்துப் பிள்ளைகளைப் பள்ளியில் வகுப்புப் பிரிப்பதும், விளையாட்டில் இறக்குவதும், வேலைக்கு அனுப்புவதும் தவறு. மணிக்கட்டு எக்ஸ்ரேயை வைத்து உடல் முதிர்ச்சியை அறிந்து செய்தால் பலவீனமான பிள்ளைகள் காப்பாற்றப்படுவார்கள் என்று வாதாடினார். மனிதரின் நோக்கம் கருணைதான். எக்ஸ்ரேயை வைத்துக் குழந்தையை வகைப்படுத்தலாம் என்ற எண்ணமும் அவரோடுதான் பிறந்தது.

கை கொடுத்தவர்கள்

அந்த ஆரம்ப நாட்களில் எக்ஸ்ரே கெடுதல் செய்யும் என்று யாருக்கும் தெரியாது. தெரிய வந்த விதம் கொடுமையானது. 1896-இல் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில், தலையில் தற்செயலாகக் குண்டு பாய்ந்த ஒரு குழந்தையைப் படமெடுக்கச் சொல்லிக் கேட்டார்கள். குழந்தைக்கு எடுப்பதற்குமுன் பெரியவர் தலையில் முயன்று பார்ப்போம் என்று அங்கிருந்த மருத்துவக் கல்லூரி முதல்வரே உட்கார்ந்தார். ஏறக்குறைய ஒரு மணி நேரம் கதிர் பட்டது. மூன்று வாரம் கழித்து அந்த இடத்தில் மட்டும் முடி கொட்டிப்போயிற்று. அந்தக் குழந்தையை முதலில் உட்கார வைத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே நடுக்கமாக இருக்கிறது.

எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி எக்ஸ்ரே குழாய்களைச் சோதிக்கத் தன் கைகளையே கதிருக்கு முன்னால் நீட்டி நீட்டிப் பார்த்தவர். கைகள் புண்ணாகி, புற்றாகி, இரண்டு கைகளையும் வெட்டி எடுத்தும் பிழைக்காமல் 1904-இல் இறந்தார். எடிசன் அதோடு எக்ஸ்ரே ஆராய்ச்சியையே விட்டுவிட்டார். மருத்துவர்களும் கருவி சரியாக இருக்கிறதா என்று பார்க்கத் தினமும் தங்கள் கையையே காட்டிப் பார்த்து விரல்களை இழந்தார்கள். எலும்பு தெளிவாகத் தெரிந்தால் கருவி சரி என்று அர்த்தம்! கை எக்ஸ்ரேயைப் பற்றி மனிதகுலம் கற்ற முதல் பாதுகாப்புப் பாடத்துக்கு விலை கொடுத்தவை டாக்டர்களின் கைகளே. 1928-இல் சர்வதேச அளவில் கதிர்வீச்சுப் பாதுகாப்புக் குழு ஒன்று ஏற்படவே முப்பது வருடங்களுக்கு மேல் ஆனது.

அதன் பிறகும் பயம் உடனே வந்துவிடவில்லை. மேலை நாடுகளில் செருப்புக் கடைகளில் 1920-களிலிருந்து குழந்தைகளின் காலை எக்ஸ்ரேயில் காட்டி 'அளவு சரியாக இருக்கிறதா பாருங்கள்' என்று விற்றார்கள். பிள்ளைகளுக்கு அது வேடிக்கை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம் அதைத் தடை செய்தது 1957-இல்தான். அதற்கு முந்தைய ஆண்டு ஆலிஸ் ஸ்டூவர்ட் என்ற ஆங்கில மருத்துவர், கர்ப்ப காலத்தில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்ட தாய்மாரின் குழந்தைகளுக்குப் புற்றுநோய் அதிகம் வருகிறது என்று கணக்கெடுத்துச் சொன்னார். மருத்துவ உலகம் அவரை நம்பப் பல ஆண்டுகள் ஆயிற்று.

கிளீவ்லாண்டு நகரத்துப் பிள்ளைகள்

இன்று டெல்லியிலோ மும்பையிலோ பெங்களூரிலோ ஒரு டாக்டர் உங்கள் பிள்ளையின் கைப்படத்தை எதனோடு ஒப்பிடுகிறார்? பெரும்பாலும் கிரூலிக், பைல் என்ற இருவரும் 1950-இல் வெளியிட்டு, 1959-இல் திருத்திய அட்லஸோடுதான். ஒவ்வொரு வயதுக்கும் ஒரு மாதிரிக் கைப்படம். பிள்ளையின் படம் எதற்கு மிக நெருக்கமோ அதுவே எலும்பு வயது. சோதனை முறை அவ்வளவு எளிது.

அந்த மாதிரிக் கைகள் யாருடையவை என்பதுதான் விஷயம். அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் கிளீவ்லாண்டு நகரம். மின் வில்விளக்கைச் செய்து பணம் சேர்த்த சார்லஸ் பிரஷ் 1928-இல் ஒரு அறக்கட்டளை வைத்தார். மனித இனத்தின் 'தரத்தை' உயர்த்துவது அதன் நோக்கங்களில் ஒன்று. அந்தக் காலத்துக்கே உரிய ஆபத்தான சிந்தனை அது. அந்தப் பணத்தில் உடற்கூறு பேராசிரியர் விங்கேட் டாட் குழந்தைகளின் வளர்ச்சியை ஆராய ஆரம்பித்தார். 1931 முதல் 1942 வரை நடந்த இந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் வசதியான வெள்ளைக்காரக் குடும்பத்துப் பிள்ளைகள். நோய் நொடி இல்லாதவர்களாகப் பார்த்துச் சேர்த்தார்கள். முதல் வயதில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அப்புறம் வருடத்துக்கு ஒருமுறை அவர்களுக்கு எக்ஸ்ரே எடுக்கப்பட்டது. டாட் 1937-இல் முதல் அட்லஸை வெளியிட்டு அடுத்த ஆண்டு காலமானார். அந்தப் படங்களிலிருந்துதான் கிரூலிக்கும் பைலும் தங்கள் நூலைச் செய்தார்கள்.

எந்த நோயும் இல்லாத குழந்தையை ஆராய்ச்சிக்காக மட்டும் இத்தனை முறை எக்ஸ்ரே எடுக்க இன்று எந்த நெறிமுறைக் குழுவும் சம்மதிக்காது. ஆக, உலகம் முழுக்கப் பயன்படுகிற அளவுகோல் திரும்பச் செய்ய முடியாத ஒன்று. பொருளாதார மந்தமும் போரும் நடந்த ஒரு காலத்தில், ஒரு நகரத்தில், பால் முட்டைக்குக் குறைவில்லாமல் வளர்ந்த பிள்ளைகளின் கை இன்று பீகார் சிறுவனுக்கும் நம் வீட்டுப் பிள்ளைக்கும் முழம்கோல் ஆகியிருக்கிறது. இங்கிலாந்தில் ஜேம்ஸ் டேனரும் வைட்ஹவுஸும் இதைவிட நுணுக்கமான முறை ஒன்றைச் செய்தார்கள். முழுக் கையையும் ஒரே பார்வையில் ஒப்பிடாமல், ஒவ்வொரு எலும்புக்கும் தனித்தனியே மார்க் போட்டுக் கூட்டுகிற முறை அது. 1962-இல் முதல் வடிவம், 1975-இல் இரண்டாவது, 2001-இல் மூன்றாவது. நம் கிரிக்கெட் வாரியம் பயன்படுத்துவது இந்த மூன்றாவதைத்தான். 2009 முதல் கணினியே படத்தைப் படித்து வயது சொல்கிற மென்பொருளும் வந்துவிட்டது. கணினியின் வருகையால் படிப்பவருக்குப் படிப்பவர் வருகிற வித்தியாசம் குறைந்தது. பிள்ளைக்குப் பிள்ளை இருக்கும் வித்தியாசம் குறையுமா என்ன?

இந்தியக் குழந்தைகளுக்கென்று கணக்கு வேண்டும் என்று நினைத்தவர்களும் உண்டு. கால்ஸ்டான் என்பவர் 1937-இல் இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச் இதழில் வெளியிட்ட ஆய்வில், இங்குள்ளவர்களுக்கு எலும்பு மேலைநாட்டாரைவிடச் சற்று முன்னதாகவே ஒட்டிவிடுகிறது என்று காட்டினார். நம் சட்ட மருத்துவப் பாடநூல்களில் அவர் பெயர் சொல்லும் அட்டவணை நெடுங்காலம் இடம்பெற்றது. 1937-ஆம் ஆண்டு இந்தியக் குழந்தையும் இன்றைய இந்தியக் குழந்தையும் சாப்பாட்டிலும் உயரத்திலும் ஒன்றா என்ற கேள்வி மட்டும் அந்த அட்டவணையில் கிடையாது.

சரி, கதிர் எவ்வளவு?

இப்போது பெற்றோரின் கேள்விக்கு வருவோம். கதிர்வீச்சு உடம்புக்குச் செய்யும் பாதிப்பை மில்லி சீவர்ட் என்ற அலகில் அளக்கிறார்கள். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் காற்றிலிருந்தும் உலகத்தில் ஒருவருக்கு இயற்கையாகவே சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லி சீவர்ட் கிடைக்கிறது. ஒரு கை எக்ஸ்ரேயின் அளவு 0.001 மில்லி சீவர்ட்டுக்கும் குறைவு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: சும்மா வீட்டில் உட்கார்ந்திருந்தால் நாலு மணி நேரத்துக்குள் வந்து சேருகிற அளவுதான். கோடை விடுமுறைக்கு டெல்லியிலிருந்து சென்னைக்கு விமானத்தில் போனால் அதைவிட அதிகம் வாங்கிக்கொண்டுதான் இறங்குகிறோம். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் கேரளத்துக் கருநாகப்பள்ளி கடற்கரையிலும் மோனசைட் மணலால் இயற்கைக் கதிர்வீச்சு மற்ற இடங்களைப்போலப் பல மடங்கு. கருநாகப்பள்ளி மக்களை ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து கவனித்து 2009-இல் வெளியான ஆய்வு, அதனால் அங்கே புற்றுநோய் கூடவில்லை என்றே சொன்னது.

கை எக்ஸ்ரே இவ்வளவு குறைவாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. கை மெல்லியது, குறைந்த கதிர் போதும். கதிரால் சுலபமாகக் கெடக்கூடிய உறுப்புகளான எலும்பு மஜ்ஜை, தைராய்டு, இனப்பெருக்க உறுப்புகள் எல்லாம் கையிலிருந்து தள்ளி இருக்கின்றன. இடது கை என்பது, பெரும்பாலோர் வலது கைக்காரர்கள், இடது கையில் அடிபட்டிருக்கும் வாய்ப்புக் குறைவு என்பதால் வந்த வழக்கம்.

ஆகவே டாக்டர் காரணத்தோடு கேட்கிற ஒரு கைப்படத்துக்குப் பயந்து பின்வாங்குவதுதான் உண்மையில் ஆபத்து என்பேன். தைராய்டு சுரப்புக் குறைவால் வளர்ச்சி நின்றுபோன பிள்ளைக்கும், குடும்பவாகாகவே தாமதமாக வளர்கிற பிள்ளைக்கும் வெளிப்பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. எட்டு வயதுக்குமுன் பருவமாற்றம் தொடங்கிவிட்ட பெண் குழந்தையின் எலும்பு எவ்வளவு ஓடிவிட்டது என்று பார்த்தால்தான் சிகிச்சை பற்றி முடிவெடுக்க முடியும். அதற்காக, "பக்கத்து வீட்டுப் பையன் உயரமாயிட்டான், நம்ம பையனுக்கும் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துடலாம்" என்று கிளம்புவதும் தேவையில்லாத வேலை. அளவு சிறியது என்பதற்காகக் காரணமில்லாமல் எடுக்கலாம் என்று எந்தப் பாதுகாப்பு விதியும் சொல்லவில்லை.

மையத்துக்குப் போகும்போது நான்கைந்து விஷயங்களைக் கவனித்தால் போதும். எக்ஸ்ரே கருவிக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வேண்டும் என்பது சட்டம், கேட்டால் காட்டுவார்கள். கதிர் கைமீது மட்டும் விழும்படி வெளிச்சக் கட்டத்தைச் சுருக்கச் சொல்லலாம். விரல்கள் லேசாக விரிந்து, உள்ளங்கை தட்டையாக இருக்க வேண்டும். பிள்ளை அசைந்துவிட்டால் திரும்ப எடுக்க வேண்டிவரும், ஆகவே முன்கூட்டியே வீட்டில் ஒருமுறை பழக்கிவிடுவது நல்லது. கர்ப்பிணித் தாய் உள்ளே நின்று பிள்ளையைப் பிடிக்க வேண்டாம், அப்பா நிற்கட்டும். பழைய படத்தைப் பத்திரமாக வைத்திருந்தால் இன்னொரு டாக்டரிடம் போகும்போது மறுபடி எடுக்கத் தேவைப்படாது. நம்மைப்போல மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஊர் மாறுகிற குடும்பங்களுக்கு இது முக்கியம்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் உண்டு. மேலே சொன்னதெல்லாம் ஒரு கைப்படத்துக்கு மட்டும். சட்டத் தேவைக்காகப் பதினாறு, பதினெட்டு வயதைச் சோதிக்கும்போது மணிக்கட்டோடு நிற்பதில்லை. முழங்கை, தோள், சில சமயம் இடுப்பு எலும்பு வரை படமெடுப்பார்கள். பெரியவருக்கு எடுக்கும் இடுப்பு எக்ஸ்ரேயின் வழக்கமான அளவு 0.6 மில்லி சீவர்ட் வரும். கைப்படத்தைப்போல அறுநூறு மடங்குக்கும் மேல். அதுவும் இனப்பெருக்க உறுப்புகளுக்குப் பக்கத்தில். இரண்டுக்கும் சேர்த்து 'எலும்பு டெஸ்ட்' என்று ஒரே பெயர் வைத்திருப்பது பொருத்தமாக இல்லை. முன்னது பிள்ளையின் உடல்நலத்துக்காக எடுப்பது, பின்னது அந்தப் பிள்ளைக்கு எந்த மருத்துவப் பலனும் தராதது.

குடியேற்ற அலுவலகத்து எக்ஸ்ரே

இரண்டாவது ஆபத்துக்கு வருகிறேன். 1970-களில் பிரிட்டனில் வேலை பார்த்த இந்திய, பாகிஸ்தான், பங்களாதேஷ் தொழிலாளர்கள் மனைவி மக்களை அழைத்துக்கொள்ள விண்ணப்பித்தார்கள். அங்கேயிருந்த அதிகாரிகளுக்குச் சந்தேகம்: இவன் சொல்கிற பிள்ளை இவன் பிள்ளைதானா, சொன்ன வயதுதானா? நம் துணைக்கண்டத்துத் தூதரகங்களில் விண்ணப்பித்த பிள்ளைகளுக்கு எக்ஸ்ரே எடுத்து வயது பார்த்தார்கள். படத்து வயதும் காகித வயதும் ஒத்துப்போகவில்லை என்றால் 'பொய் சொல்கிறான்' என்று விண்ணப்பம் நிராகரிப்பு. சரியான சாப்பாடில்லாத பிள்ளைக்கு எலும்பு இரண்டு மூன்று வருடம்கூடப் பின்தங்கும் என்பது அன்றே மருத்துவம் அறிந்த விஷயம். கிராமத்தில் வறுமையில் வளர்ந்த குழந்தையைக் கிளீவ்லாண்டுப் பணக்காரப் பிள்ளையோடு ஒப்பிட்டுவிட்டுப் பொய்யன் பட்டம் கட்டினார்கள்.

1979-இல் லண்டன் விமான நிலையத்தில் ஒரு இந்தியப் பெண்ணுக்குக் கன்னித்தன்மைச் சோதனை நடத்திய செய்தி வெளியாகி இரு நாட்டிலும் கொதிப்பு எழுந்தது. அதைத் தோண்டியபோது குழந்தைகளின் எக்ஸ்ரேயும் வெளியே வந்தது. பிரிட்டனின் தலைமை மருத்துவ அதிகாரி ஹென்றி யெல்லோலீஸ் 1980-இல் கொடுத்த அறிக்கை அந்த எக்ஸ்ரே ஏற்கத்தக்க அளவு பாதுகாப்பானதே என்ற தொனியில் இருந்தது. மருத்துவர்கள் விடவில்லை: நோய்க்காக அல்லாமல் நிர்வாக வசதிக்காகக் குழந்தையின்மேல் கதிரைப் பாய்ச்சலாமா, அதுவும் பலன் இவ்வளவு தெளிவில்லாதபோது? கடைசியில் 1982-இல் உள்துறை அமைச்சர் ஒயிட்லா அதை நிறுத்துவதாக அறிவித்தார். மூன்று வருடம் கழித்து மரபணுச் சோதனை வந்ததும், 'உன் பிள்ளைதானா' என்ற கேள்விக்கு எலும்பின் தயவே தேவைப்படாமல் போயிற்று. ஆனால் 2022-இல் பிரிட்டன் இயற்றிய புதுச் சட்டம், தஞ்சம் கேட்டு வருகிறவர்களுக்கு அறிவியல் முறையில் வயது பார்ப்பதற்கு மறுபடி கதவு திறந்துவிட்டிருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் நடந்தது இன்னும் மோசம். அகதிகள் வந்த படகுகளில் சமையற்காரனாகவும் எடுபிடியாகவும் இருந்த இந்தோனேஷியச் சிறுவர்களை ஆள் கடத்தல் வழக்கில் பிடித்தார்கள். மணிக்கட்டு எக்ஸ்ரேயில் எலும்பு முழுக்க ஒட்டியிருந்தால் அட்லஸில் அது பத்தொன்பது வயதுப் படம். ஆகவே 'வயது வந்தவன்' என்று பெரியவர்கள் சிறையில் போட்டார்கள். தர்க்கத்தில் எங்கே ஓட்டை பாருங்கள். பத்தொன்பதில் சராசரிப் பையனுக்கு எலும்பு ஒட்டியிருக்கும் என்பது சரி. அதனால் எலும்பு ஒட்டியவன் எல்லாம் பத்தொன்பது ஆகிவிடுவானா? பதினாறு பதினேழிலேயே ஒட்டிவிடுகிற பையன்கள் எத்தனையோ பேர். அந்த நாட்டு மனித உரிமை ஆணையம் 2012-இல் இதைக் கடுமையாகக் கண்டித்து அறிக்கை வெளியிட்டது. பதினான்கு வயதில் சிறைக்குப் போன ஒரு பையனின் தண்டனையை 2017-இல்தான் மேல்முறையீட்டு மன்றம் ரத்து செய்தது. அந்தப் பையனைக் கதிர் ஒன்றும் செய்யவில்லை.

நம் நீதிமன்றங்களில்

நம் உச்ச நீதிமன்றம் இந்த விஷயத்தில் முன்னதாகவே விழித்துக்கொண்டது என்று சொல்ல வேண்டும். 1982-இல் ஜெயமாலா வழக்கில், எக்ஸ்ரே மூலம் சொல்லும் வயது இரு பக்கமும் இரண்டு வருடம் முன்பின் இருக்கலாம் என்பதை நீதிமன்றமே கவனத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்றது. 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆண்பிள்ளைகளுக்குப் பதினாறாக இருந்த சிறார் வயது 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பதினெட்டாக உயர்ந்தது. 2015-ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டத்தின் 94-ஆம் பிரிவு வரிசையையே வகுத்துவிட்டது: முதலில் பள்ளிச் சான்று அல்லது மெட்ரிக் சான்றிதழ், அது இல்லாவிட்டால் நகராட்சி, பஞ்சாயத்துப் பிறப்புச் சான்று, இரண்டுமே இல்லாவிட்டால் மட்டும் எலும்புச் சோதனை, அதையும் உத்தரவிலிருந்து பதினைந்து நாளில் முடிக்க வேண்டும். 2012 டிசம்பர் டெல்லிக் கொடுமை வழக்கில் நாடே கொதித்தபோதும், குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவனுக்கு எலும்புச் சோதனை வேண்டும் என்ற கோரிக்கையை சிறார் நீதி வாரியம் ஏற்கவில்லை. பள்ளி ரிஜிஸ்டரையே ஏற்றது. மனசுக்குக் கசந்தாலும் சட்டப்படி அதுவே வரிசை.

சிக்கல் வேறிடத்தில் முளைத்திருக்கிறது. குற்றம் சாட்டப்பட்ட சிறுவனின் வயதில் சந்தேகம் வந்தால் குறைந்த வயதைக் கொள்ளலாம் என்று 2007-ஆம் ஆண்டு விதிகள் சலுகை தந்தன. ஆனால் பாலியல் குற்றத்துக்கு ஆளான பெண்ணின் வயதுக்கும் 94-ஆம் பிரிவின் வரிசைதானே? அவளுக்கு எந்தச் சான்றும் இல்லை, டாக்டர் 'பதினாறு முதல் பதினெட்டு' என்று எழுதிக் கொடுக்கிறார் என்று வையுங்கள். 2024-இல் டெல்லி உயர் நீதிமன்றம், இப்படிப்பட்ட வழக்கில் மேல் எல்லையை எடுத்து, அதற்குமேல் இரண்டு வருடத் தவறு வரம்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றது. சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கு என்ற பழைய கொள்கைப்படி அது சரிதான். விளைவு? பதினெட்டும் இரண்டும் இருபது. போக்சோ சட்டத்தின் பாதுகாப்பு அவளுக்கு இல்லை. சான்றிதழ் இல்லாத பெண் பெரும்பாலும் ஏழையாகவும், ஊர்விட்டு ஊர் பிழைக்க வந்த குடும்பத்தவளாகவும் இருக்கிறாள். ஊட்டம் குறைந்த அவளுடைய எலும்பு உண்மை வயதைவிடக் குறைவாகவே காட்டியிருக்கக்கூடும் என்று எதிர்த்தரப்பு வாதாடவும் இடமிருக்கிறது. ஒரே படம், யார் கையில் இருக்கிறதோ அவர்கள் சொல்கிறபடி பேசுகிறது.

விளையாட்டுத் துறை ஓரளவு வேறு வழி கண்டது. சர்வதேசக் கால்பந்துச் சம்மேளனம் 2009-இல் நைஜீரியாவில் நடந்த பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் மணிக்கட்டுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க ஆரம்பித்தது. அதில் கதிர்வீச்சே கிடையாது, காந்தப் புலம்தான். 2017-இல் நம் நாட்டில் அதே போட்டி நடந்தபோதும் அந்த விதியே இருந்தது. செலவு அதிகம், பிள்ளை நெடுநேரம் அசையாமல் படுக்க வேண்டும் என்பதால் மாவட்ட மருத்துவமனைகளுக்கு அது இன்னும் எட்டவில்லை. கதிர் பயம் இதில் தீர்ந்தது. தவறு வரம்பு தீரவில்லை. முன்னதாக முதிர்ந்த பையன் இங்கேயும் 'வயதை மறைத்தவன்' ஆகிறான்.

பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல் வந்தது. 2023-இல் செய்த திருத்தத்தின்படி அந்த ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதிக்குப் பின் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்று ஒன்றே ஆதாரம். பிரசவம் தாய்வீட்டில், வளர்ப்பு வடநாட்டில் என்று இருக்கும் நம் குடும்பங்களில் பெயர் சேர்க்காத சான்று இன்னும் பல வீட்டுப் பீரோவில் கிடக்கிறது. பதிவு செய்தது எந்த ஊரிலோ அந்த ஊர் அலுவலகத்தில்தான் பெயர் சேர்க்க முடியும். ஒரு வருடத்துக்குமேல் பதிவே செய்யாமல் விட்டிருந்தால் மாவட்ட மாஜிஸ்திரேட் அல்லது அவர் அதிகாரம் கொடுத்தவரின் உத்தரவு வாங்க வேண்டும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அந்த வேலைக்கு ஒரு நாள் ஒதுக்கி வையுங்கள். சனிக்கிழமை போய் நிற்க வேண்டாம்.